வேலூர் உணவகங்களில் சைவம் என்று வருவதில் அசைவம் எங்கே கலக்கிறது?

சிகிச்சைக்காக வேலூருக்கு வந்து சில வாரங்கள் தங்கவிருக்கும் உங்கள் பெற்றோர் முட்டையைக்கூடத் தொடாதவர்கள் என்றும், சைவமும் அசைவமும் சேர்ந்தே கிடைக்கும் உணவகங்களில் பச்சைப் புள்ளி இட்ட உணவை நம்பி அவர்கள் சாப்பிடலாமா என்றும், அவற்றில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கக்கூடிய விலங்குப் பொருள்கள் எவை என்றும் கேட்டிருக்கிறீர்கள். உணவகச் சமையலறைகளில் நெடுங்காலம் வேலை செய்துவிட்டு இப்போது அந்தத் தொழிலைக் கற்பித்து வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தக் கேள்விக்கு வழக்கமாகத் தரப்படும் விடை ஒரு நீண்ட பட்டியலாக இருக்கும். எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டின், பாலைத் திரிக்கும் ரென்னெட் என்று பெயர்களும், பொட்டலங்களில் அச்சிடப்படும் 120, 471, 631 போன்ற சேர்க்கைப் பொருள் எண்களும் அதில் அணிவகுக்கும். அந்தப் பட்டியலில் உண்மை இல்லாமல் இல்லை; அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் காட்பாடியிலோ ஆற்காட்டிலோ ஆம்பூரிலோ ஒரு சாதாரண உணவகத்தில் அமர்ந்து சாப்பிடுகிறவருடைய தட்டுக்கு அசைவம் வந்து சேரும் வழி பெரும்பாலும் அந்த எண்கள் அல்ல. எலும்பு வெந்த நீர், கோழி வெந்த குழம்பு, மீன் பொரித்த எண்ணெய், முட்டை சேர்த்துப் பிசைந்த மாவு ஆகியவைதான் முதன்மையான வழிகள். சமைப்பவர் இவற்றை மறைக்கவும் இல்லை. துண்டு போடாமல் பரிமாறினால் சைவம் ஆகிவிட்டது என்று அவரே நம்புகிறார் என்பதுதான் சிக்கல்.

இதற்கு இந்த வட்டாரத்தின் மிகச் சரியான எடுத்துக்காட்டு குஸ்கா. ஆம்பூர், வாணியம்பாடி வழியில் பிரியாணி செய்யும்போது, ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய், தயிர், வெங்காயம், தக்காளி ஆகியவற்றோடு இறைச்சியை வேகவைத்து, அரைவேக்காட்டில் வடித்த சீரகச் சம்பா அரிசியை அந்த மசாலாவில் சேர்த்துத் தம் போடுகிறார்கள். தேக்சா என்ற அதே பெரிய பாத்திரத்திலிருந்து துண்டுகளை ஒதுக்கிவிட்டு அள்ளும் சோறுதான் குஸ்கா. இறைச்சியின் சாறும் கொழுப்பும் ஒவ்வொரு அரிசியிலும் ஏறியிருப்பதனால்தான் அது அவ்வளவு சுவையாக இருக்கிறது, விலையும் குறைவு. வெளியூரிலிருந்து படிக்க வரும் மாணவர்கள் பலர் முதல் சில மாதங்களுக்கு இதை வெறும் மசாலாச் சோறு என்று எண்ணிச் சாப்பிடுகிறார்கள். கடைக்காரர் அதைச் சைவம் என்று சொல்லி விற்பதில்லை. வாங்குபவர்தான் அப்படி எண்ணிக்கொள்கிறார். ஆனால் மெனு கார்டில் ‘வெஜ் பிரியாணி’ என்ற தனி வரி இருந்து, அதற்கென்று ஒரு தேக்சா ஏற்றும் அளவுக்கு நாள்தோறும் விற்பனை இல்லாத கடைகளில், குஸ்காவை எடுத்துத் தனியாக வதக்கிய காய்கறியோடு கலந்து கொடுக்கும் பழக்கம் உண்டு. ஆகவே வெஜ் பிரியாணி கேட்பவர் அதில் காய் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, அந்தச் சோறு எந்தப் பாத்திரத்தில் வெந்தது என்று கேட்பதே பயன் தரும்.

பிரியாணியோடு வரும் துணைப் பதார்த்தங்களிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எள், வேர்க்கடலை, புளி சேர்ந்த கத்தரிக்காய் பெரும்பாலும் இறைச்சியின்றியே சமைக்கப்படுகிறது. தயிர்ப் பச்சடியிலும் ஐயத்துக்கு இடமில்லை. ஆனால் தால்ச்சா அப்படியல்ல. பருப்பும் சுரைக்காயும் மாங்காயும் கண்ணுக்குத் தெரிவதால் சாம்பாரின் உறவுபோலத் தோன்றும் அந்தக் குழம்பு, மரபாக ஆட்டெலும்பு போட்டு வேகவைப்பது. எலும்பில்லாத தால்ச்சாவும் உண்டுதான். எது எந்த நாளில் வருகிறது என்பது அந்தச் சமையலறைக்கு மட்டுமே தெரியும். (உணவகத்துக்கு வெளியே இதே தன்மை உடையது நோன்புக் கஞ்சி. ரமலான் மாதத்தில் பள்ளிவாசலிலிருந்து அண்டை வீட்டாருக்கு அன்போடு வரும் அந்தக் கஞ்சியில் பல இடங்களில் கொத்துக்கறி கரைந்திருக்கும். கேட்டால் உள்ளபடி சொல்லிவிடுவார்கள். கறி சேர்க்காமல் காய்ச்சும் இடங்களும் உண்டு.)

அடுத்தது பரோட்டாவும் சால்னாவும். ‘பிளைன் சால்னா’ அல்லது ‘எம்ப்டி சால்னா’ என்று வாளியில் வருவது, பல கடைகளில் கோழியோ ஆடோ வெந்த குழம்பிலிருந்து துண்டு இல்லாமல் முகந்ததுதான். தேங்காய், கசகசா, சோம்பு, பட்டை என்று மசாலா முழுவதும் தாவரமே ஆனாலும், அந்தக் கொழகொழப்பும் ஆழமான சுவையும் எலும்பிலிருந்து இறங்கியவை. நல்ல கடைகள் குருமாவைத் தனியே வைத்திருக்கின்றன. பரோட்டா மாவிலேயே முட்டை சேர்ப்பது இன்னொரு வழக்கம். மாவு இழுபடும் பதத்துக்காகவும் மென்மைக்காகவும் சில மாஸ்டர்கள் சேர்க்கிறார்கள், சிலர் பாலும் சர்க்கரையும் மட்டும் சேர்க்கிறார்கள். ‘நான்’ ரொட்டியின் மாவுக்கும் இது பொருந்தும். வெஜ் கொத்துப் பரோட்டாவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை: அதே கல், அதே தகடு, பெரும்பாலும் அதே சால்னா.

மாலை நேரத் தள்ளுவண்டிகளில் சில்லி சிக்கன், சில்லி காளான், கோபி ஆகிய மூன்றும் ஒரே கடாயில் பொரிவதை நின்று பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். உணவகத்துக்குள் அதே கடாய் சுவருக்குப் பின்னால் இருக்கிறது என்பதைத் தவிர வேறு வேறுபாடு பல நேரங்களில் இல்லை. உருளைக்கிழங்கு வறுவலும் காலிஃப்ளவரும் தனி எண்ணெயில் பொரிகின்றனவா என்ற கேள்விக்கு, பெரிய உணவகங்களில் ‘ஆம்’ என்று உறுதியான விடை கிடைக்கும். சிறிய இடங்களில் கேட்டவுடன் ஒரு தயக்கம் தெரியும். அந்தத் தயக்கமே போதுமான விடை.

பொரித்த உருளைக்கிழங்கைப் பற்றிப் பேசும்போது, இந்தத் துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் ஒரு நிகழ்வைச் சொல்லியாக வேண்டும். மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் 1990இல் அமெரிக்காவில் மாட்டுக் கொழுப்பைக் கைவிட்டுத் தாவர எண்ணெய்க்கு மாறுவதாக அறிவித்தது. சைவர்கள், குறிப்பாக அங்கே குடியேறிய இந்தியர்கள், இனி அந்த வறுவலைச் சாப்பிடலாம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆனால் ஆலையில் கிழங்கை முன்பொரிப்புச் செய்யும் கட்டத்தில் மாட்டிறைச்சியிலிருந்து பெற்ற சுவையூட்டி சேர்க்கப்பட்டு வந்தது. பொருள் பட்டியலில் அது ‘இயற்கைச் சுவை’ என்று மட்டும் இருந்தது. 2001இல் சியாட்டில் நகரில் வழக்குத் தொடரப்பட்டது. 2002இல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, சைவ அமைப்புகளுக்கும் இந்து அமைப்புகளுக்கும் பிறவற்றுக்குமாக 1 கோடி டாலர் வழங்க ஒப்புக்கொண்டது. இந்தியாவிலுள்ள அதன் கடைகளில் அந்தச் சுவையூட்டி பயன்படவில்லை. எண்ணெய் தாவரம், கிழங்கு தாவரம், இருந்தும் பதார்த்தம் அசைவம் என்ற நிலை எப்படி உருவாகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

நம் ஊரில் அதற்கு நிகரான இடம் ‘சைனீஸ்’ பகுதிதான். ஒரு உணவகத்தில் குழம்பு வகைகளைச் சமைக்கும் சரக்கு மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், தந்தூரி மாஸ்டர், சைனீஸ் மாஸ்டர் என்று நான்கு கைகள் இருந்தால், நான் முதலில் ஐயப்படுவது நான்காமவரின் அடுப்பை. அவருடைய அடுப்பருகே ஒரு பெரிய பாத்திரத்தில் கோழி எலும்பு வெந்த ஸ்டாக் எப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும். சூப்புக்கும் ‘கிரேவி’ வகைகளுக்கும் அதிலிருந்து ஒரு கரண்டி போகும். அது இல்லாத இடத்தில் சிக்கன் பவுடர் என்ற தூள் இருக்கும். உப்பைப்போல எல்லாவற்றிலும் அதைத் தூவும் கைகள் உண்டு. சிலவகை நூடுல்ஸில் முட்டை சேர்ந்திருக்கும். வெஜ் ஸ்வீட் கார்ன் சூப்பில் பழக்கத்தின் காரணமாகவே அடித்த முட்டையை ஊற்றிவிடுவார்கள். சிப்பிச் சாறு சேர்ந்த ஆய்ஸ்டர் சாஸ், மீன் சாஸ் ஆகியவை கரிய சோயா சாஸின் பக்கத்திலேயே நிற்கும். தாய் கறி என்று விற்கப்படும் பச்சை, சிவப்பு வகைகளின் விழுதில் மரபாக இறால் விழுது சேரும். வூஸ்டர்ஷையர் சாஸின் மூலச் செய்முறையில் நெத்திலி வகை மீன் உண்டு. இந்தியாவில் மீனின்றிச் செய்யப்படுவனவும் விற்கின்றன, அவற்றில் பச்சைப் புள்ளி இருக்கும். சீசர் சாலட்டின் குழைவிலும் அதே மீன்தான்.

இதற்கு மாறாக, பலரும் அஞ்சும் வடநாட்டுப் பனீர் வகைகள் ஓரளவு நம்பத் தக்கவை. சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று இரண்டு மூன்று அடிக் கிரேவிகளைக் காலையிலேயே தக்காளி, முந்திரி, வெங்காயம் கொண்டு செய்து வைத்துவிட்டு, ஆர்டர் வரும்போது பனீரோ கோழியோ சேர்த்துத் தனி வாணலியில் முடிப்பதே அங்கே நடைமுறை. அடிக் கிரேவியில் பெரும்பாலும் இறைச்சி இல்லை. பனீரும் எலுமிச்சைச் சாறு, வினிகர் போன்ற புளிப்பால் திரிக்கப்படுவது. அதில் ரென்னெட்டுக்கு வேலையே இல்லை. பனீர் டிக்கா மட்டும் வேறு: ஒரே தந்தூரி அடுப்பு, ஒரே கம்பிகள், வெண்ணெய் தடவும் ஒரே தூரிகை.

உங்கள் பெற்றோர் தங்கப்போவது சிஎம்சி மருத்துவமனையை ஒட்டிய பகுதி என்றால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்காளதேசம் ஆகிய இடங்களிலிருந்து நோயாளிகள் பெருமளவில் வருவதால், அந்தத் தெருக்களில் வங்காளச் சமையல் செய்யும் மெஸ்களும் சிறு உணவகங்களும் நிறைந்திருக்கின்றன. நல்ல உணவுதான், ஆனால் அவர்களுடைய மரபில் மீன், காய்கறிக்கு ஒரு சுவைப்பொருள். பாசிப்பருப்பில் மீன் தலை போட்டுச் சமைப்பார்கள். முட்டைக்கோஸ் பொரியலிலும் பசலைக் கீரையிலும் மீன் தலையோ சிறு இறாலோ சேரும். பலகையில் ‘பருப்பு’, ‘முட்டைக்கோஸ்’ என்று மட்டுமே எழுதியிருக்கும். அவர்களிடமே மீனும் வெங்காயம் பூண்டும் இல்லாத ‘நிராமிஷ்’ என்ற தனிச் சமையல் முறையும் உண்டு. அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டால் எந்தக் குழப்பமும் வராது. வடகிழக்குச் சமையலிலும் இவ்வாறே: மணிப்பூரின் எரோம்பா என்ற காய்கறி மசியலில் புளிக்கவைத்த மீனும், மிசோரத்தின் ‘பாய்’ என்ற கீரைக் குழம்பில் பல வீடுகளில் புளிக்கவைத்த பன்றிக் கொழுப்பும் சேர்கின்றன. நம் பக்கத்தில் கத்தரிக்காயிலும் கீரையிலும் சென்னாக்கூனி என்ற பொடி இறால் சேர்ப்பதற்கு இது ஒன்றும் அயலானதல்ல.

இனிப்புக்கும் பேக்கரிக்கும் வருவோம். இங்கேதான் ஜெலட்டின் வருகிறது. இந்த வட்டாரத்துக்காரர்களுக்கு அதன் பிறப்பிடத்தை விளக்குவது எளிது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் பதனிடும் தொழிலில், பதனிடுவதற்கு முன் சுண்ணாம்பில் ஊறிய தோலிலிருந்து சீவப்படும் ஓரங்களும் கழிவுகளும் பசை, ஜெலட்டின் செய்வோருக்கு விற்கப்படுவது பழைய வழக்கம். உணவுக்கான ஜெலட்டின் இந்தியாவில் மிகுதியும் மாட்டு, எருமை எலும்பிலிருந்து வருகிறது: எலும்பை நொறுக்கி, அமிலத்தில் ஊறவைத்துக் கனிமங்களை நீக்கி, எஞ்சும் புரதத்தைச் சுண்ணாம்பில் பதப்படுத்தி, வெந்நீரில் கரைத்து வடித்து உலர்த்துவார்கள். அயல்நாட்டுச் சரக்கில் பன்றித் தோல், மீன் தோல் ஆகியவையும் மூலமாகலாம். மவுஸ், பன்னா கோட்டா, சீஸ் கேக், மார்ஷ்மெல்லோ, பழத்துண்டுகளின் மேல் கண்ணாடிபோல் மின்னும் பூச்சு, ஃபலூடாவின் அடியில் கிடக்கும் வண்ண ஜெல்லி ஆகியவற்றில் அதைத் தேடலாம். கடற்பாசியிலிருந்து எடுக்கும் சைனா கிராஸ் கொண்டும் இதே ஜெல்லியைச் செய்யலாம். வாணியம்பாடி வீடுகளில் நோன்பு திறக்கும்போது வரும் பால் கடற்பாசி முழுக்கத் தாவரத்தால் உறைந்ததே. இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய அடையாளம் உண்டு. ஜெலட்டின் உடல் வெப்பத்திலேயே இளகுவதால் வாயில் வைத்தவுடன் கரையும். சைனா கிராஸ் கரையாது, கடித்தால் உடையும். சாப்பிட்ட பிறகு தெரிந்து என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். அடுத்த முறைக்குப் பயன்படும்.

பேக்கரியில் என்னைப் பொறுத்தவரை முதல் ஐயம் கேக்கைப் பற்றியதல்ல. ‘எக்லெஸ்’ கேக் தனியே எழுதி விற்கப்படுகிறது, வாங்குவோரும் கேட்டு வாங்குகிறார்கள். கவனிக்கப்படாமல் போவது பஃப்ஸ். உள்ளே உருளைக்கிழங்கும் பட்டாணியும் இருந்தாலும், அடுப்பில் வைக்குமுன் மேலே தடவும் பொன்னிறப் பளபளப்பு பல பேக்கரிகளில் அடித்த முட்டை. முட்டை பஃப்ஸும் வெஜ் பஃப்ஸும் ஒரே தட்டில், ஒரே தூரிகை பட்டு அடுப்புக்குள் போகின்றன. பன்னுக்கும் இது பொருந்தும். பால் தடவியும் அதே நிறத்தை ஓரளவு கொண்டுவரலாம் என்பதால், கேட்டால் செய்து தருவார்கள். மயோனைஸ் முட்டையில் பிறந்தது. ஆனால் இந்திய உணவகங்களில் முட்டையில்லாத வகை பரவலாகிவிட்டது. பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைத் தமிழ்நாட்டு அரசு உணவு நஞ்சாதலைக் காரணம் காட்டி 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை செய்தது சைவர்களுக்குத் தற்செயலாகக் கிடைத்த ஆதாயம்.

பீட்சா, பாஸ்தா கடைகளில் சீஸ் பற்றிக் கேட்கிறார்கள். பாலைத் திரிக்கும் ரென்னெட் பழைய முறையில் பால்குடிக் கன்றின் நான்காம் இரைப்பையிலிருந்து எடுக்கப்பட்டது. 1990இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், கன்றின் மரபணுவை நுண்ணுயிரில் செலுத்தி நொதிக்கவைத்துப் பெறும் கைமோசின் என்ற ரென்னெட் நொதிக்கு ஒப்புதல் தந்தது. அதன்பின் உலகின் பெரும்பகுதி சீஸ் கன்றை விட்டு விலகியது. இந்தியப் பெரும் பால் நிறுவனங்கள் நுண்ணுயிர் ரென்னெட்டையே பயன்படுத்துகின்றன. அவற்றின் பொட்டலங்களில் பச்சைப் புள்ளி இருக்கிறது. எனவே வேலூரில் கிடைக்கும் சாதாரண மொசரெல்லாவுக்காக அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் உண்மையான இத்தாலியப் பார்மிஜானோ ரெஜ்ஜானோவும் கிரானா பதானோவும் அவற்றின் உரிமப்பெயர் விதிப்படியே கன்று ரென்னெட் கொண்டு செய்யப்பட வேண்டியவை. இறக்குமதிப் பாலாடைக்கட்டி என்று மெனு கார்டில் பெருமையாக எழுதியிருந்தால், அந்தப் பெருமையே கேள்விக்குக் காரணமாகட்டும்.

இப்போது எண்கள். 631 என்பது டைசோடியம் இனோசினேட் என்ற சுவை கூட்டி. நூடுல்ஸ் மசாலா, சிப்ஸ் போன்றவற்றில் வரும். இதை மீனிலிருந்தும் இறைச்சியிலிருந்தும் பெறலாம், மரவள்ளி மாவுபோன்ற தாவர மாவுப்பொருளை நொதிக்கவைத்தும் பெறலாம். தில்லி உயர் நீதிமன்றம் 2021 டிசம்பரில் இதையே எடுத்துக்காட்டாக வைத்து, ஒரு பொருளில் விலங்கு மூலம் எவ்வளவு சிறிய விழுக்காடாக இருந்தாலும் அது அசைவமே என்றும், எண்ணை மட்டும் அச்சிடுவது போதாது, மூலப்பொருள் தாவரமா விலங்கா என்பதை வெளிப்படுத்த வேண்டும் என்றும் கூறியது. எண்ணெயும் நீரும் பிரியாமல் சேர்த்துவைக்கும் 471 என்ற பொருளுக்கும் இவ்வாறே இரண்டு மூலங்களும் உண்டு. பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருந்தால் உற்பத்தியாளர் தாவர மூலத்துக்குச் சட்டப்படி பொறுப்பேற்கிறார் என்று கொள்ளலாம். உணவகத்தில் நமக்கு அந்தப் பொட்டலம் தெரியாது. ‘பாட்டிலைக் காட்டுங்கள்’ என்று கேட்பதில் தவறொன்றும் இல்லை.

வீணாக அஞ்சப்படுபவை சிலவும் உண்டு. அஜினமோட்டோ என்ற 621 கரும்புப் பாகு, மரவள்ளி போன்றவற்றை நொதிக்கவைத்துச் செய்யப்படுவது. 1908இல் ஜப்பானில் கிகுனே இக்கெடா அந்தச் சுவையை முதலில் பிரித்தெடுத்ததும் கடற்பாசியிலிருந்துதான். கஸ்டர்டு பவுடரில் முட்டை இல்லை, சோளமாவுதான். செம்பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன் என்ற 120 வேறு, கோபியில் கொட்டப்படும் கார்மோய்சின் என்ற 122 வேறு; பின்னது செயற்கைச் சாயம், பூச்சிக்கும் அதற்கும் தொடர்பில்லை. வெள்ளைச் சர்க்கரை எலும்புக் கரியால் வெளுக்கப்படுகிறது என்ற செய்தி அமெரிக்கச் சுத்திகரிப்பு ஆலைகள் சிலவற்றைப் பற்றியது. அம்முண்டியிலுள்ள வேலூர் கூட்டுறவு ஆலை உட்பட நம் நாட்டு ஆலைகள் பெரும்பாலும் சுண்ணாம்பும் கந்தகப் புகையும் கொண்டே கரும்புச் சாற்றைத் தெளிவிக்கின்றன.

சட்டம் எதைச் சைவம் என்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உணவுப் பொட்டலங்களின் முகப்புச்சீட்டு (லேபிள்) பற்றிய 2020ஆம் ஆண்டின் இந்திய விதிகளின்படி, பறவை, பூச்சி, நன்னீர் மற்றும் கடல் உயிரினங்கள், முட்டை உட்பட விலங்கின் முழுமையோ பகுதியோ அதிலிருந்து பெற்ற பொருளோ இருந்தால் அது அசைவம். பால், பால் பொருள்கள், தேன், தேன்மெழுகு, அரக்கு ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. அதனால் அரக்குப் பூச்சு மின்னும் மிட்டாய்க்குப் பச்சைப் புள்ளி கிடைக்கும். சமண மரபினருக்கு இது போதாமல் இருக்கலாம். அசைவக் குறியும் பழைய பழுப்பு வட்டத்திலிருந்து பழுப்பு முக்கோணமாக அதே விதிகளால் மாறியது. பாலையும் தவிர்ப்பவர்களுக்கு 2022இல் தனியான வீகன் குறி வந்தது. உணவகங்களைப் பொறுத்தவரை, மத்திய உரிமம் பெற்றவையும் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உடையவையுமே மெனு கார்டில் கலோரி அளவையும் சைவ அசைவக் குறியையும் காட்ட வேண்டும் என்று அந்த விதிகள் குறிப்பாகச் சொல்கின்றன. தெருமுனை உணவகம் தன் மெனு கார்டில் அச்சிட்டுக்கொள்ளும் பச்சைப் புள்ளியை அச்சகத்தாரைத் தவிர வேறு யாரும் முன்கூட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆகவே நடைமுறையில் என்ன செய்வது? முழுச் சைவ உணவகம் கிடைக்கும்போது அங்கே செல்வதுதான் முதல் வழி. வேலூரில் அதற்குப் பஞ்சமில்லை. அங்கே மீதமிருக்கும் ஐயம் கேக், ஜெல்லி, வெளியிலிருந்து வாங்கிய சாஸ் ஆகியவற்றோடு முடிந்துவிடும். இரண்டும் தரும் உணவகத்துக்குப் போகத்தான் வேண்டும் என்றால், ‘இது சைவம்தானே?’ என்று சப்ளையரைக் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ‘ஆமாம் சார்’ என்ற ஒரே விடைதான் உண்டு. அவர் சமையலறைக்குள் என்ன நடக்கிறது என்று அறிந்தவரும் அல்லர். கல்லாவில் இருப்பவரிடம் சொல்லிச் சரக்கு மாஸ்டரையோ சைனீஸ் மாஸ்டரையோ கேட்கச் சொல்லுங்கள்: வெஜ் பிரியாணிக்குத் தனித் தேக்சாவா, சூப்பில் வெறும் தண்ணீரா ஸ்டாக்கா, கோபி பொரிக்கும் எண்ணெய் தனியா, பரோட்டா மாவில் முட்டை உண்டா? ஒரு பொருளைப் பெயர் சொல்லிக் கேட்டால் மாஸ்டர்கள் நேர்மையாகவே பதில் சொல்கிறார்கள். அவர்களுக்கு அது தங்கள் கைத்திறனைப் பற்றிய கேள்வி. வயதானவர்கள் வந்திருக்கிறார்கள், விரதம் என்று ஒரு சொல் சேர்த்தால் தனி வாணலியைக் கழுவிச் செய்து தரும் இடங்களும் நிறைய. மதிய நெரிசலில் இவை எதுவும் நடக்காது. பன்னிரண்டு மணிக்கு முன்போ, மூன்று மணிக்குப் பின்போ கேளுங்கள்.

கேட்டு உறுதி பெற்ற பிறகும் எலும்போ கறித்துண்டோ தட்டில் கிடைத்தால், பில்லை வாங்கி வைத்துக்கொண்டு, பதார்த்தத்தைப் படமெடுத்து, மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் புகார் தரலாம். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தவறான குறியீட்டோடு உணவு விற்பதற்கு 3 லட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க இடம் தருகிறது. 40ஆம் பிரிவின்படி வாங்கியவரே கட்டணம் செலுத்தி உணவைப் பகுப்பாய்வு செய்விக்கலாம். இதில் ஒரு வரம்பு உண்டு. குஸ்காவிலோ சால்னாவிலோ எந்த விலங்கு வெந்தது என்பதை மரபணுச் சோதனையால் கண்டுபிடிக்க முடியும். 631, 471 போன்றவை அப்படியல்ல. மீனிலிருந்து வந்தாலும் மரவள்ளியிலிருந்து வந்தாலும் இனோசினேட்டின் வேதியமைப்பு ஒன்றே என்பதால் தட்டில் இருப்பதைச் சோதித்து மூலத்தைச் சொல்வது அரிது. அத்தகைய பொருள்களுக்கு, உணவகம் வாங்கிய பொட்டலத்தின் முகப்புச்சீட்டும் உற்பத்தியாளரிடம் எழுதிக் கேட்டுப் பெறும் பதிலுமே ஆதாரம்.